‘வைண்ட் அப்’: சுரங்கக் கூண்டு முதல் நீதிமன்றம் வரை
ஓர் ஆங்கிலத் தொடர்வினையின் வரலாறும் தமிழாக்கமும்

1. முன்னுரை

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு அப், டவுன், அவுட், ஆஃப் முதலிய சிறுசொற்களுள் ஒன்று சேர்ந்து, உறுப்புகளின் பொருளைத் தனித்தனியே கூட்டிப் பார்த்து அறிய இயலாத புதுப்பொருளைத் தரும் அமைப்பு உண்டு. அதனை இக்கட்டுரை தொடர்வினை என்று குறிக்கிறது. தொடர்வினைகள் பேச்சுவழக்குக்கே உரியவை என்றும், எழுத்து வழக்கில் அவற்றின் இடத்தை இலத்தீன் வழிச் சொற்கள் கொள்கின்றன என்றும் பொதுவாகக் கற்பிக்கப்படுகிறது. தொழிற்சட்டங்களைப் புரட்டுவோர் இக்கருத்து முழு உண்மையன்று என்பதை உணர்வர். லே ஆஃப், லாக் அவுட், குளோஸ் டவுன், வைண்ட் அப் ஆகிய நான்கும் தொழிலாளரின் பிழைப்பையே தீர்மானிக்கும் சட்டச் சொற்களாக இந்தியாவில் வழங்கி வந்துள்ளன.

இவற்றுள் வைண்ட் அப் என்பது கருநாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலில் வழங்கிய முறை தனியே ஆராயத்தக்கது. தரைக்கடியிலிருந்து ஆட்களையும் தாதுக்கல்லையும் கம்பிவடத்தால் மேலேற்றும் செயலுக்கு அங்கு அதுவே பெயர். அச்சுரங்கங்களை நடத்திய நிறுமத்தின் கணக்கை முடிக்கும் சட்டச் செயலுக்கும் அதுவே பெயர். தமிழே பெரும்பான்மையோரின் பேச்சுமொழியாக விளங்கும் அவ்வூரில், இரண்டாம் பொருளைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்பது ஏட்டுச் சிக்கலாக மட்டும் நின்றுவிடவில்லை. மூடுதல், கலைத்தல், முடித்தல் ஆகிய மூன்றும் ஒன்றெனக் கொள்ளப்படும்போது, யாருக்கு யார் என்ன தரவேண்டும் என்னும் வினா மறைந்துபோகிறது. இச்சொல்லின் பொருள் வளர்ச்சியையும், தங்கவயலின் வரலாற்றில் அதன் இடத்தையும், தமிழில் அதற்குரிய ஈட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொல்லின் உறுப்புகள்

வைண்ட் என்னும் வினை, திருகுதல், சுழலுதல் எனப் பொருள்படும் பழைய ஆங்கில விண்டன் என்னும் வினையின் வழிவந்தது. காற்றைக் குறிக்கும் விண்ட் என்னும் பெயர் எழுத்தில் இதனோடு ஒன்றுபட்டிருப்பினும் ஒலிப்பில் வேறானது. இதன் இறந்தகால வடிவமாகிய வவுண்ட் என்பதும், காயத்தைக் குறிக்கும் ஊண்ட் என்பதும் அவ்வாறே எழுத்தில் ஒன்றாய், ஒலியில் வேறாய் நிற்பன. விரைந்து மொழிபெயர்ப்போர் இவ்விரண்டு இடங்களிலும் இடறுவதுண்டு.

இவ்வினையோடு அப் சேரும்போது தோன்றும் பொருள்களை ஐந்தாக வகுக்கலாம். முதலாவது, உருளையில் கயிற்றைச் சுற்றிப் பாரத்தை மேலே கொணர்தல். இரண்டாவது, நூலையோ கயிற்றையோ எச்சமின்றிச் சுற்றி உருண்டையாக்குதல். மூன்றாவது, கடிகாரத்தின் வில்லை முறுக்கி அதனை ஓடவைத்தல். நான்காவது, கூட்டம், பேச்சு, வணிகம், நிறுமம் முதலியவற்றை முடிவுக்குக் கொணர்தல். ஐந்தாவது, ஒருவர் எண்ணாத ஓரிடத்திலோ நிலையிலோ கடைசியில் போய் நிற்றல். ஒருவரைச் சீண்டி வெகுளச் செய்தல் என்னும் பொருள் பிரித்தானியப் பேச்சில் உண்டெனினும் அது இவ்வாய்வுக்குப் புறம்பானது.

முதற்பொருளில் அப் என்பது மேல்நோக்கிய திசையையே குறிக்கிறது. இரண்டாம் பொருளில் அது திசையைக் கைவிட்டு முழுமையைக் குறிக்கத் தொடங்குகிறது. உண்ணுதல், பயன்படுத்துதல் ஆகிய வினைகளோடு சேர்ந்து எச்சமின்றிச் செய்து முடித்தலைக் குறிக்கும் அப் இதுவே. நான்காம் பொருள் இரண்டாவதன் விரிவு எனக் கொள்வது பொருந்தும். பரந்து கிடக்கும் நூலை நுனிவரை சுற்றி எடுத்து வைப்பது போலப் பரந்து கிடக்கும் கொடுக்கல் வாங்கல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து முடித்தல் என்பதே இதன் அடிப்படைக் கருத்து. சுற்றி முடிக்க நேரம் வேண்டும்; நுனி கைக்கு வரும்வரை வேலை முடியாது. இக்காலக் கூறு, பின்னர்ச் சட்ட வழக்கிலும் நிலைத்துவிட்டது.

மூன்றாம் பொருளும் நான்காம் பொருளும் ஒன்றற்கொன்று முரணாக நிற்பதும் நோக்கத்தக்கது. கடிகாரத்தை வைண்ட் அப் செய்தால் அது ஓடத் தொடங்கும். நிறுமத்தை வைண்ட் அப் செய்தால் அது ஓய்ந்துவிடும். இம்முரண் தமிழில் தோன்ற வழியில்லை. தமிழர் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கின்றனர். நிறுமத்துக்கு யாரும் சாவி கொடுப்பதில்லை.

3. சுரங்கத்தில் வைண்ட் அப்

மைக்கேல் லவெல் என்னும் அயர்லாந்துப் படைவீரர் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றுக் கோலார்ப் பகுதியில் பொன் தேடலைத் தொடங்கினார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கு வந்தது. அதன் மேலாண்மையில் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் முதலிய சுரங்கங்கள் தனித்தனி நிறுமங்களாக இயங்கின. மேற்பார்வைக்குக் கார்ன்வால் சுரங்கப் பகுதியினரும் இத்தாலியரும் வந்தனர். உடலுழைப்புக்கு வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து மக்கள் வந்தனர். இவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழரே மிகுதி. ஆங்கிலக் கலைச்சொல் தமிழ் வாய்க்குள் நுழைந்த சூழல் இதுவாகும். ஷாஃப்ட், கேஜ், ஸ்கிப், வைண்டிங் என்ஜின் போன்றவை அகராதியின் துணையின்றி வேலையிடத்திலேயே கற்கப்பட்டவை.

வைண்டிங் என்ஜினின் அமைப்பு எளிது. பெரிய உருளை ஒன்றில் கம்பிவடம் சுற்றப்பட்டிருக்கும். அவ்வடம் குழிவாயிலின் மேலுள்ள இரும்புக் கோபுரத்தின் கப்பி வழியாகச் சென்று ஷாஃப்ட் எனப்படும் செங்குத்துக் குழிக்குள் இறங்கும். அதன் முனையில் ஆட்கள் நிற்கும் கேஜ் எனும் கூண்டோ, தாதுக்கல் ஏற்றும் ஸ்கிப் எனும் தொட்டியோ தொங்கும். இரண்டு கூண்டுகளை எதிரெதிரே பூட்டும் முறையில், உருளை ஒரு பக்கம் சுழலும்போது ஒன்று மேலேறும், மற்றொன்று கீழிறங்கும். எனவே ஒரே சுழற்சி ஒரு குழுவுக்கு வேலையின் முடிவாகவும் மற்றொரு குழுவுக்குத் தொடக்கமாகவும் அமைந்தது.

தொடக்கத்தில் இப்பொறிகளை நீராவி இயக்கியது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தபின், சுரங்க வேலைகள் படிப்படியாக மின்னாற்றலுக்கு மாறின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அத்தனை நீள வடம் தன் எடையையே தாங்க இயலாது. ஆகவே ஓர் ஆழம்வரை ஒரு பொறி, அதற்குக் கீழே நிலத்தடியிலேயே அமைந்த வேறொரு பொறி எனப் படிப்படியாக இறங்கவும் ஏறவும் வேண்டியிருந்தது. ஆழத்தில் பாறை அழுத்தத்தால் நேரும் பாறை வெடிப்பு எப்போதும் இருந்த அச்சம். முறைவேலை முடிந்து வைண்ட் அப் ஆவது என்பது அங்கே உயிரோடு மேலே வருவது என்னும் பொருளையும் உட்கொண்டிருந்தது.

தமிழுக்கு இச்செயல் புதிதன்று. கிணற்றில் கயிறும் வாளியும் கொண்டு நீரைச் சேந்துதல், ராட்டினத்தில் கயிறோட்டுதல், கமலையில் மாடு பூட்டி இறைத்தல் ஆகியவை இதே வேலையின் வேறு வடிவங்களே. எனினும் தமிழ் ஒவ்வொன்றையும் அதனதன் வினையால் குறித்ததேயன்றிச் சுழற்சி, மேல்திசை ஆகிய இரண்டையும் ஒரே தொடரில் அடைக்கவில்லை. சேந்து என்பதில் சுழற்சி இல்லை. சுற்று என்பதில் மேல்திசை இல்லை. ஆகவே சுரங்கத்துக்கு மேலேற்று, கீழிறக்கு என்னும் வினைகளே போதுமாயின. பொறிக்கு மட்டும் ஆங்கிலப் பெயர் நின்றது.

4. சட்டத்தில் வைண்ட் அப்

கூட்டுமுதல் நிறுமங்கள் பெருகி வீழ்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இத்தொடர்வினை சட்டத் தலைப்பிலேயே ஏறியது. 1848ஆம் ஆண்டின் கூட்டுமுதல் நிறுமங்கள் வைண்டிங் அப் சட்டம் அதற்குச் சான்று. அங்கிருந்து 1862ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்துக்கும், இந்தியாவில் 1866, 1882, 1913, 1956ஆம் ஆண்டுகளின் நிறுமச் சட்டங்களுக்கும் இது தொடர்ந்தது.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் வைண்டிங் அப் என்பது ஒரு நொடியில் நிகழ்வதாக அமையவில்லை. மனு அளிக்கப்படும், நீதிமன்றம் ஆணையிடும், அலுவல்முறைக் கலைப்பாளர் சொத்துகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வார், விற்கத்தக்கவற்றை விற்பார், கடன்களைச் சட்டம் கூறும் வரிசைப்படி தீர்ப்பார். 1985இல் சேர்க்கப்பட்ட 529-ஏ பிரிவு, தொழிலாளருக்குச் சேரவேண்டிய தொகையைப் பிணையுள்ள கடன்காரரின் கடனோடு ஒப்ப வைத்து, ஏனைய கடன்களுக்கு முன்னுரிமையாக்கியது. இவை யாவும் முடிந்த பின்னரே 481ஆம் பிரிவின்படி நிறுமம் கலைந்ததாக நீதிமன்றம் ஆணையிடும். அவ்வாணையோடுதான் சட்டத்தின் கண்ணில் நிறுமம் இல்லாமற் போகும்.

இங்கு மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய செய்தி இரண்டு. வைண்டிங் அப் என்பதும் டிசொல்யூஷன் என்பதும் ஒன்றல்ல. முன்னது வழி, பின்னது முடிவு. மேலும், வைண்டிங் அப் நடைபெறும் நிறுமம் வேலையை நிறுத்தியே ஆகவேண்டும் என்பதுமில்லை. நற்பயன் கருதி நீதிமன்ற இசைவோடு தொழிலைத் தொடர்ந்து நடத்தக் கலைப்பாளருக்கு 457ஆம் பிரிவு அதிகாரம் தந்தது.

வேலையிடத்தை மூடுதல் என்பது வேறொரு சட்டத்துக்கு உரியது. 1947ஆம் ஆண்டுத் தொழிற்றகராறுச் சட்டம் குளோஷர் என்பதற்கு, வேலையிடத்தையோ அதன் ஒரு பகுதியையோ நிலையாக மூடுதல் என இலக்கணம் கூறியது. அவ்விலக்கணத்தின் ஆங்கில வடிவில் குளோஸ் டவுன் என்னும் தொடர்வினையே நின்றது. தற்காலிகமாக மூடுதல் லாக் அவுட் எனப்பட்டது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் முதலியவற்றின் குறையால் பதிவேட்டில் உள்ள தொழிலாளிக்கு வேலை தர இயலாமை லே ஆஃப் எனப்பட்டது. லாக் அவுட், லே ஆஃப் இரண்டிலும் வேலையுறவு அறுவதில்லை, குளோஷரில் அறுந்துவிடுகிறது. ஆனால் அங்கும் நிறுமம் அழிவதில்லை. அந்தச் சட்டத்தின் இடத்தில் இன்று 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்துள்ளதெனினும், தங்கவயலின் வரலாறு பழைய சட்டத்தின் சொற்களிலேயே நடந்தேறியது.

5. தங்கவயலில் இரு வினைகள்

1956இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்னும் பொதுத்துறை நிறுமம் உருவாயிற்று. ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது. தாதுக்கல்லில் பொன்னின் அளவு குறைந்தது. 1992இல் இந்நிறுமம், நலிவுற்ற தொழில் நிறுமங்களுக்கான 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தொழில் மற்றும் நிதிச் சீரமைப்பு வாரியத்தின் முன் சென்றது. சீரமைப்பு முயற்சிகள் கைகூடாத நிலையில், நிறுமத்தை வைண்ட் அப் செய்வதே தகும் என்று வாரியம் 2000 ஜூனில் தெரிவித்தது.

வாரியம் செய்தது என்ன என்பதைச் சொல்லால் நுட்பமாக வரையறுக்க வேண்டும். அச்சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி வாரியம் நிறுமத்தை முடிக்கவில்லை. முடித்தல் தகும் என்னும் தன் கருத்தைப் பதிவுசெய்து உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பியது. ஆணை நீதிமன்றத்தினுடையது. இதனை ‘வாரியம் நிறுமத்தைக் கலைத்தது’ என்று எழுதினால், மூன்று படிகள் ஒரே வாக்கியத்தில் விழுங்கப்படுகின்றன.

சுரங்க வேலை நின்றதோ வேறு வழியில். தொழிற்றகராறுச் சட்டத்தின் 25-ஓ பிரிவின்கீழ்ப் பெற்ற இசைவின்படி, 2001 மார்ச் 1 முதல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதாவது, முதலில் நிகழ்ந்தது குளோஸ் டவுன். வைண்ட் அப் பின்தங்கியது. கூண்டை மேலேற்றும் வைண்டிங் நின்றுபோயிற்று. நிறுமத்தை முடிக்கும் வைண்டிங் வழக்குகளில் நீண்டது. சொத்துகளை உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி வழியே விற்பது குறித்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. மூடப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்த நிலையிலும் அந்நிறுமம் தன் பெயரில் வழக்காடியும் நிலம் வைத்திருந்தும் வந்தது. 2024 ஜூனில் கருநாடக அமைச்சரவை, அந்நிறுமத்தின் நிலத்திலுள்ள 13 கழிவுமண் குவியல்களில் மீண்டும் பொன் எடுக்கும் திட்டத்துக்கு இசைவளித்தபோதும் அதன் பெயரே பேசப்பட்டது.

இவ்வேறுபாடு தொழிலாளருக்குப் பொருளற்றதன்று. வேலையிடம் மூடப்பட்டால் 25-ஓ பிரிவின்படி, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியம் இழப்பீடாக இருந்தது. அதனைத் தரவேண்டியவர் முதலாளி. நீதிமன்றம் வைண்டிங் அப் ஆணை பிறப்பித்தால், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 445ஆம் பிரிவின்படி அவ்வாணையே பணியாளருக்குப் பணிவிடுப்பு அறிவிப்பாகக் கொள்ளப்பட்டது. பின்னர்க் கோரிக்கை கலைப்பாளரிடம் செல்லும். நிறுமம் கலைந்துவிட்டால் கோரிக்கையைக் கேட்க ஆளே இல்லை. தங்கவயலின் முன்னாள் தொழிலாளர் நிலுவைத்தொகை குறித்தும், தாம் குடியிருக்கும் வீடுகளின் உரிமை குறித்தும் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தி வந்ததன் மொழியடிப்படை இதுவே: மூடப்பட்டது சுரங்கம், கணக்கு இன்னும் முடியவில்லை.

பேச்சுமொழி இதனைத் தன் போக்கில் காட்டுகிறது. ‘மைன்ஸை மூடிட்டாங்க’ என்னும் வாக்கியத்தில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. ஆயினும் பலர்பால் விகுதி, செய்தவர் உளர் என்பதை விடாமல் சுட்டுகிறது. ‘சுரங்கங்கள் மூடப்பட்டன’ என்னும் எழுத்துவழக்கின் செயப்பாட்டுவினையில் அச்சுட்டும் இல்லை. சட்ட ஆங்கிலமும் செயப்பாட்டுவினையையே விரும்புகிறது. எனினும் ஆணையிட்ட மன்றம் எது என்பதை அதன் ஆவண அமைப்பு வேறோரிடத்தில் சொல்லிவிடும். அந்தச் சூழலை விட்டு வாக்கியத்தை மட்டும் தமிழாக்கும்போது செய்தவர் முற்றிலும் மறைகிறார்.

வைண்ட் அப் என்பதன் ஐந்தாம் பொருளும் தங்கவயலுக்குத் தொலைவானதன்று. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலில் வேலைக்குச் சென்று திரும்புவோர் பலர். சுரங்கத் தொழிலாளியின் மகன் கடைசியில் பெங்களூரில் காவலாளியானான் என்பதை ஆங்கிலம் இத்தொடர்வினையால் சொல்லும். இதனைப் ‘போய்ச் சேர்ந்தான்’ என்று பெயர்ப்பதில் இடர் உண்டு. அத்தொடர் இறப்பையும் குறிக்கும். ‘கடைசியில் காவலாளி வேலையில் போய் நின்றான்’ என்பது பொருளையும் அதிலுள்ள ஏமாற்றத்தையும் ஒருங்கே தாங்கும்.

6. தமிழில் ஈடு

வைண்ட் அப் என்பதன் அடிப்படை உருவகத்தை அப்படியே தமிழுக்குக் கொணர முயன்றால் சுருட்டுதல் என்னும் வினை முன்னிற்கும். பாயைச் சுருட்டுதல் புறப்படுதலைக் குறிக்கலாம். ஆனால் நிறுமத்தைச் சுருட்டுதல் என்றால் பணத்தைக் கையாடுதல் என்றே தமிழர் கொள்வர். முறையான கடன்தீர்வைக் குறிக்க வந்த சொல் மோசடிக் குற்றச்சாட்டாக மாறிவிடும்.

பேச்சுவழக்கில் இதற்கு நெருங்கிய தொடர்கள் மூன்று உள. இழுத்து மூடுதல் என்பது தொழிலை முற்றாக நிறுத்துதல். கடையைக் கட்டுதல் என்பது அன்றைய வேலையையோ தொழிலையோ முடித்தல். ஏறக்கட்டுதல் என்பது மீண்டும் எடுக்காதவாறு கைவிடுதல். மூன்றாவது, மொழியியல் நோக்கில் முதன்மையானது. ஏற என்னும் செயவென் எச்சம் மேல்திசைப் பொருளை இழந்து, கட்டு என்னும் வினையோடு சேர்ந்து முடிவுப் பொருளைத் தருகிறது. ஆங்கிலத்தில் அப் செய்ததையே தமிழில் ஏற என்பது செய்துள்ளது. தீர விசாரித்தல், முற்ற உணர்தல் ஆகியவற்றில் வரும் தீர, முற்ற என்பனவும் முழுமையைக் குறிக்கும் எச்சங்களே. மூடிவிடு, முடித்துவிடு என்பவற்றில் விடு என்னும் துணைவினை அதே பணியை வினைக்குப் பின் நின்று செய்கிறது. இடைச்சொற்கள் பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும் என்பது தொல்காப்பிய இடையியலின் கருத்து. ஆங்கிலத்தின் இடைச்சொல் ஆற்றும் பணியைத் தமிழ் தன் வினைகளைக் கொண்டே ஆற்றுகிறது. எனவே தொடர்வினைகளுக்குத் தமிழில் இணை இல்லை என்னும் கூற்று வடிவத்தை மட்டும் நோக்கியது. பணியை நோக்கின் இணை உண்டு.

ஆயினும் இம்மூன்று தொடர்களும் சட்டத் தமிழுக்கு உதவா. அவை முடிவையே அழுத்துகின்றன. முடிவுக்கு முன் நடைபெற வேண்டிய கடன்தீர்வை உணர்த்தவில்லை. வணிகவியல் பாடநூல்களில் வழங்கும் நிறுமக் கலைப்பு என்னும் தொடரிலும் இக்குறை உண்டு. கலைதல் என்பது மேகமும் கூட்டமும் ஒருங்கே இல்லாமற் போவதை உணர்த்தும் வினை. அதனைக் கூட்டாண்மைக் கலைப்பு போன்ற முடிவு நிலைகளுக்கு வைத்துக்கொள்வதே சால்புடையது.

தமிழில் இதற்குப் பொருந்தும் கருத்து ஏற்கெனவே உள்ளது. வேலையிலிருந்து ஒருவரை விடுவிக்கும்போது, அவருக்குச் சேரவேண்டியவற்றைக் கொடுத்து அனுப்புவதைக் கணக்குத் தீர்த்தல் அல்லது கணக்கு முடித்தல் என்கிறோம். கூலியாளும் கடைக்காரரும் அறிந்த தொடர் இது. கொடுக்கல் வாங்கல் தீர்ந்தாலன்றி முடிவு இல்லை என்னும் அறமும் இதனுள் அடங்கியுள்ளது. ஆங்கிலச் சட்டம் நூலைச் சுற்றும் உருவகத்தால் குறித்ததைத் தமிழ் கணக்கின் உருவகத்தால் குறிக்கிறது.

இதனடிப்படையில் கீழ்க்காணும் பகுப்பு பயன் தரும். வேலையிடத்தை நிலையாக நிறுத்துவதை மூடல் எனலாம். தற்காலிகமாக மூடுவதற்குக் கதவடைப்பு என்னும் நிலைபெற்ற சொல் போதும். லே ஆஃப் என்பதைத் தற்காலிக வேலையின்மை என்பது ஏற்கும். ஆட்குறைப்பு என்பது வேலையுறவை அறுக்கும் செயலுக்கு உரியதாதலால் இங்கு விலக்கத்தக்கது. வைண்டிங் அப் என்பதை நிறுமக் கணக்குத்தீர்வு என்றும், அதன் இறுதியில் வரும் டிசொல்யூஷனை மட்டும் நிறுமக் கலைப்பு என்றும் குறிக்கலாம்.

7. முடிவுரை

ஒரு தொடர்வினைக்கு ஒரே தமிழ்ச்சொல் என்னும் அகராதி முறை பொதுப்பேச்சுக்குப் போதுமானதாகலாம். உரிமைகள் தொங்கும் இடத்தில் போதாது. வைண்ட் அப் என்பதைப் பெயர்ப்பவர் முதலில் காண வேண்டுவன மூன்று: முடிக்கப்படுவது வேலையிடமா, நிறுமமா, நடப்பது செயலின் தொடக்கமா, இடையா, இறுதியா, ஆணையிடுபவர் யார். இவற்றுக்கு விடை கண்டபின் மூடல், கணக்குத்தீர்வு, கலைப்பு ஆகியவற்றுள் உரியதைத் தேர்வது அரிதன்று.

தங்கவயலைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘2001இல் நிறுமம் கலைக்கப்பட்டது’ என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. 2000இல் கணக்குத்தீர்வுக்கான கருத்து பதிவாயிற்று. கலைப்பு என்பது அவ்விரண்டினும் வேறான நிகழ்வு. இம்மூன்றையும் வெவ்வேறு வாக்கியங்களில் எழுதுவது நடைக்குச் சிறிது சுமையாகலாம். ஆனால் நிலுவைக்காக மனு எழுதும் ஒருவர் கையில் அத்தமிழ் வாக்கியம் சென்று சேரும்போது, அவர் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அது சரியாகச் சொல்லும்.